மூச்சு விடும் இடத்தில் கமாவா, அர்த்தம் பிரியும் இடத்தில் கமாவா?

இங்கிலீஷில் கமா போடுவதில் இரண்டு கட்சி உண்டு. வாசிக்கும்போது எங்கே மூச்சு விடுகிறோமோ அங்கே ஒரு கமா என்பது ஒரு கட்சி, நம்மில் நிறையப் பேர் பள்ளிக்கூடத்தில் கேட்டது இதைத்தான். வாக்கியத்தில் எது எதோடு சேர்கிறது, எது தனியே நிற்கிறது என்று பார்த்துப் போடுவது இன்னொரு கட்சி. தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் நம் கடற்கரையில் இங்கிலீஷில் எழுத வேண்டி வருவது பெரும்பாலும் மனுவும் விண்ணப்பமும்தான். தூதரகத்துக்கு, டெல்லிக்கு, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு, கீழக்கரைப் பக்கம் என்றால் வளைகுடா வேலைக்கு. அதைப் படிக்கிறவர் நம் குரலைக் கேட்கப் போவதில்லை, தாளில் இருப்பதை மட்டும்தான் பார்ப்பார். அதனால் நான் இரண்டாவது கட்சி.

முதல் கட்சிக்கும் நியாயம் இருக்கிறது. இப்போது நாம் போடும் கமாவின் வடிவம் 1490களில் வெனிஸ் நகரத்தில் ஆல்டஸ் மனூஷியஸ் நடத்திய அச்சகத்தில் உருவானது. அதற்குப் பிறகும் ரொம்ப காலத்துக்கு, சத்தமாக வாசிப்பவர் எங்கே நிறுத்த வேண்டும் என்று காட்டத்தான் இங்கிலீஷில் கமா பெரிதும் பயன்பட்டது. இன்றைக்கும் சில இடங்களில் காது சரியாகவே வழிகாட்டும். ‘ஆஃப்டர் தி சைக்ளோன், வீ லாஸ்ட் அவர் நெட்ஸ்’ என்ற வாக்கியத்தில் சைக்ளோனுக்குப் பிறகு தானாகவே நிறுத்துகிறோம், கமாவும் அங்கேதான் வரவேண்டும்.

ஆனால் நம் காது தமிழ்க் காது, சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ‘என் அண்ணன் படகோட இன்ஜின்’ என்று சொல்லிக் கொஞ்சம் நிறுத்திவிட்டுத்தான் ‘ரிப்பேர் ஆயிருச்சு’ என்போம். அதே பழக்கத்தில் ‘தி இன்ஜின் ஆஃப் மை பிரதர்ஸ் போட், ஹேஸ் ஃபெயில்ட்’ என்று எழுதினால் இன்றைய இங்கிலீஷில் அது தப்பு. எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே ஒற்றைக் கமா நிற்கக் கூடாது. முன்பு நின்றிருக்கிறது. 1791இல் வந்த அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தத்தில் ‘ஆர்ம்ஸ்’ என்ற சொல்லுக்கும் ‘ஷல் நாட் பி இன்ஃப்ரிஞ்ட்’ என்பதற்கும் நடுவே இப்படி ஒரு கமா இருக்கிறது. இப்போது எழுதினால் யாரும் அதைப் போட மாட்டார்கள். இன்னொரு தமிழ்ப் பழக்கம், இரண்டு முழு வாக்கியங்களைக் கமாவால் ஒட்டுவது. ‘படகு திங்கட்கிழமை போனது, இன்னும் திரும்பவில்லை’ என்பது தமிழில் சுத்தமான வாக்கியம். ‘தி போட் லெஃப்ட் ஆன் மன்டே, இட் ஹேஸ் நாட் ரிட்டர்ன்ட்’ என்பதை இங்கிலீஷ் ஏற்காது. நடுவில் முற்றுப்புள்ளி வை, இல்லையென்றால் கமாவை அப்படியே வைத்துக்கொண்டு அதன் பின்னால் ‘பட்’ சேர்.

இதுவரை சொன்னதெல்லாம் அழகுக் குறைதான், விஷயம் போய்ச் சேர்ந்துவிடும். அடுத்தது அப்படி இல்லை. இந்த இரண்டையும் பாருங்கள்:

‘தி ஃபிஷர்மென் ஹூ கிராஸ்ட் தி லைன் வேர் அரெஸ்டட்.’

‘தி ஃபிஷர்மென், ஹூ கிராஸ்ட் தி லைன், வேர் அரெஸ்டட்.’

முதல் வாக்கியத்தில், எல்லைக்கோட்டைத் தாண்டியவர்கள் மட்டும் கைதானார்கள், தாண்டாதவர்களும் இருந்திருக்கலாம். இரண்டாவதில் இரண்டு கமா விழுந்ததும், நாம் சொல்லும் மீனவர்கள் அத்தனை பேரும் கோட்டைத் தாண்டினார்கள், அது போக அவர்கள் கைதும் ஆனார்கள் என்று ஆகிவிடுகிறது. ‘தாண்டிய மீனவர்கள்’ என்று தமிழில் எழுதினால் இரண்டு அர்த்தமும் அதிலேயே அடங்கும், சூழ்நிலையை வைத்துப் புரிந்துகொள்வோம். இங்கிலீஷ் அந்த வேலையைக் கமாவிடம் கொடுத்திருக்கிறது. 1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தங்கள் கடலில் வகுத்த ஒரு கோட்டை வைத்து நம் பிள்ளைகள் சிறைக்குப் போகிற ஊர் இது, இங்கிருந்து போகும் மனுவில் மூச்சு வாங்கியதற்காக யாரும் கமா போடக் கூடாது, எல்லை தாண்டினோம் என்று நாமே எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும். சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ‘ஹூ’ தொடங்கும் துண்டை விரலால் மறைத்துவிட்டு வாசியுங்கள், யாரைச் சொல்கிறோம் என்பது மாறாமல் நின்றால் இரண்டு பக்கமும் கமா, மாறினால் கமாவே வேண்டாம்.

அப்புறம் ஆக்ஸ்ஃபோர்டு கமா. பட்டியலில் கடைசிப் பொருளுக்கு முன்னால், ‘அண்ட்’ அல்லது ‘ஆர்’ வரும் இடத்தில் போடுவது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகமும் சிகாகோ மேனுவல் என்ற எழுத்துநடைக் கையேடும் போடச் சொல்கின்றன, அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் பொதுவாகத் தேவையில்லை என்கிறது. அது இல்லாததால் பணம் கைமாறிய வழக்கு உண்டு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஓவர்டைம் கிடையாத வேலைகளைச் சட்டம் பட்டியல் போட்டது, அதில் மீன் பொருட்களும் உண்டு. முடிவில் ‘பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்’ என்று இருந்தது, ஷிப்மென்ட்டுக்குப் பிறகு கமா இல்லை, அதனால் ஷிப்மென்ட்டுக்கோ டிஸ்ட்ரிபியூஷனுக்கோ பேக்கிங் செய்வது மட்டும்தான் என்றும் படிக்கலாம். ஓக்ஹர்ஸ்ட் டெய்ரி என்ற பால் கம்பெனியின் டிரைவர்கள், நாங்கள் பேக்கிங் செய்வதில்லை, சரக்கைக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம், எங்களுக்கு ஓவர்டைம் உண்டு என்று வாதாடினார்கள். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது, 2018இல் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது.

அதற்காக ஆக்ஸ்ஃபோர்டு கமா எல்லாவற்றையும் காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம். காணாமல் போன படகைப் பற்றி ‘மை பிரதர், தி டிரைவர், அண்ட் தி குக்’ என்று எழுதினால் மூன்று பேரா, அண்ணன்தான் டிரைவர் என்பதால் இரண்டு பேரா? கமாவை எடுத்தால் இன்னும் மோசம், அண்ணனே டிரைவர், அவரே சமையல் என்றுகூட ஒருவர் படிக்கலாம். இந்த மாதிரி இடத்தில் இரண்டு வழியையும் விட்டுவிட்டு, ‘த்ரீ பெர்சன்ஸ்’ என்று எண்ணைச் சொல்லி ஆளுக்கு ஒரு வரியாக எழுதுவதுதான் சரி. வலை, கயிறு, டீசல், ஐஸ் என்று சாமான் பட்டியல் போடும்போது ஆக்ஸ்ஃபோர்டு கமா போடுங்கள் என்பேன், நஷ்டஈடு கேட்கும் காகிதத்தில் கடைசி இரண்டு பொருள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகிவிடக் கூடாது.

எண்ணுக்கு நடுவில் வரும் கமாவும் இரண்டு விதம். மீன்வளத்துறைக்குப் போகும் காகிதத்தில் படகின் மதிப்பு 12,50,000, அதே தொகையை துபாய் கம்பெனிக்கு எழுதினால் 1,250,000. ஒரே கடிதத்தில் இரண்டையும் கலந்துவிட்டால் தொகை எவ்வளவு என்றே படிக்கிறவர் சந்தேகப்படுவார்.