ரோமாஜியை விட்டு ஃபிளிக்குக்கு: ஜப்பானிய கீபோர்ட் மாற்றி 14 மாதம்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் லூனாஸ் பக்கம் கைப்பேசியில் ஜப்பானிய மொழி தட்டுகிறவர்கள் இரண்டு வகை. குலிம் ஹைடெக் பார்க்கில் ஜப்பானிய இன்ஜினியருக்கு வாட்ஸ்அப்பில் பதில் சொல்ல வேண்டியவர்கள் ஒரு வகை. ஜேஎல்பிடி (ஜப்பானிய மொழித் திறன் தேர்வு) என்5, என்4 நிலைகளுக்குப் படிக்கிறவர்கள் இன்னொரு வகை. இரு தரப்பிலும் அநேகம் பேர் ஆங்கில எழுத்தைத் தட்டி ஜப்பானிய எழுத்தை வரவழைக்கும் ரோமாஜி முறையில்தான் இருக்கிறார்கள். ஸ்டிக்கரும் விளம்பரமுமாக வந்த ஓர் இலவச ரோமாஜி செயலியைக் கழற்றிவிட்டு, கூகுளின் ஜிபோர்டில் விசை மேல் விரலை இழுத்து எழுத்தை வரவழைக்கும் 12 விசை ஃபிளிக் பலகைக்கு மாறி 14 மாதம் ஓட்டிய அனுபவம் இது. செயலி மாறியதில் கொஞ்சம் லாபம். தட்டும் முறை மாறியதில்தான் பெரிய லாபம், அதுவும் தமிழ் படித்தவருக்கு.

ஃபிளிக் பலகையில் முதல் வரிசை அ, க, ச. இரண்டாவது த, ந, ஹ. மூன்றாவது ம, ய, ர. கடைசி வரிசையின் நடுவில் வ. க விசையைத் தட்டினால் க. அதே விசையில் விரலை இடப்பக்கம் இழுத்தால் கி, மேலே கு, வலப்பக்கம் கெ, கீழே கொ. இடத்தில் தொடங்கிக் கடிகார முள் போகும் திசையில் சுற்றினால் இ, உ, எ, ஒ. நம் குறில் ஐந்தும் அதே வரிசையில் நிற்கின்றன. ஹ இருக்கும் இடத்தில் ப-வை வைத்துப் படித்துப் பாருங்கள்: க ச த ந ப ம ய ர வ. தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் கத்திப் படித்த அதே ஓட்டம். தற்செயல் இல்லை. சித்தம் என்னும் பழைய இந்திய எழுத்தில் வடமொழி பயின்ற ஜப்பானிய பௌத்தத் துறவிகளின் வழியாக வந்த அடுக்கு அது. அந்த ஹ-வும் பழைய ஜப்பானிய மொழியில் ப-வாகத்தான் ஒலித்தது. சீன நண்பர்கள் படம் வரைந்து மனப்பாடம் செய்வதை நாம் முதல் நாளே பாதி தெரிந்து வைத்திருக்கிறோம்.

நமக்குச் சறுக்கும் இடம் வேறு. கடின ஒலியும் மென்மையான ஒலியும் நம் எழுத்தில் ஒன்றுதான். சீனப் பெருநாள் சமயத்தில் பிசாங் காக்கி என்று விற்கும் பழத்துக்கு ஜப்பானியப் பெயர் ‘ககி’. சாவிக்கும் ‘ககி’தான், ஆனால் இரண்டாவது எழுத்து குகையில் வரும் ‘கை’ போல மென்மையாக ஒலிக்கும். இந்தப் பத்தியிலேயே இரண்டும் ஒரே மாதிரி விழுந்திருக்கின்றன, பாருங்கள். ரோமாஜியில் காதில் விழுந்தபடி ஏதோ ஓர் ஆங்கில எழுத்தைத் தட்டுவோம். ‘நான்’ என்பதற்கான வதஷியில் ‘த’வை மென்மையாக உச்சரித்துப் பழகியவர் ‘டி’ எழுத்தைத் தட்டுவார். சரியான கன்ஜி (நம் கஞ்சி இல்லை, சீன வழி வந்த எழுத்து) மேலே வரவே வராது. ஃபிளிக்கில் மென்மைக்கென்று தனி விசை, கீழ் வரிசையில் இடது பக்கம். கடின எழுத்தைப் போட்டுவிட்டு அதைத் தட்டினால்தான் மென்மையாகும். ஒவ்வொரு தடவையும் ‘இது எது?’ என்று கை நின்று கேட்கிறது. மூன்று மாதத்தில் இந்த வகைப் பிழை முக்கால்வாசி போய்விட்டது.

அந்த விசையில் ஒரு குழி உண்டு. ஹ-வில் முதல் தட்டலுக்கு மென்மையான ப, இரண்டாவதுக்குக் கடின ப. அதே பழக்கத்தில் ‘ட்சு’ எழுத்துக்குப் போனால் முதல் தட்டலில் அது சிறிய எழுத்தாகிவிடும், அதாவது அடுத்த மெய் இரட்டிக்கும். மென்மை இரண்டாவது தட்டலில்தான் வரும். தொடர்கிறது என்னும் ‘ட்சுசுகு’ போன்ற சொற்களில் இங்கேதான் எல்லாரும் மாட்டுகிறார்கள்.

ரோமாஜியின் இன்னொரு தொல்லை ‘ன்’. புத்தகக் கடைக்கு ஹொன்யா. ஆங்கிலத்தில் ‘என்’ ஒன்று மட்டும் தட்டினால் அது அடுத்த ‘ய’வோடு ஒட்டி ஹொன்யா ஹொ-ஞா ஆகிவிடும், இரண்டு ‘என்’ வேண்டும். ‘புகை பிடிக்காதே’ என்பது கின்-என். ஒரு ‘என்’ குறைந்தால் கினென், அதாவது நினைவுகூரல். வணக்கம் சொல்லும் கொன்னிச்சிவாவுக்கு மூன்று ‘என்’. ஃபிளிக்கில் வ விசையை மேலே இழுத்தால் ன். தீர்ந்தது. ஆனால் கொன்னிச்சிவாவின் கடைசி ‘வ’வை ஹ என்றே எழுத வேண்டும் என்பதை நாம்தான் நினைவில் வைக்க வேண்டும்.

குறில் நெடிலில் நாம் ராஜா. பிரு என்றால் கட்டடம், பீரு என்றால் பியர். நீட்டக் குறி வ விசையில் வலப்பக்கம் இருக்கிறது. பிற மொழிச் சொல் எழுதும் கதகனாவுக்குத்தான் அந்தக் குறி. ஜப்பானியச் சொற்களுக்கான ஹிரகனா எழுத்தில் டோக்யோவின் ஓகாரங்களை உகரம் சேர்த்துத்தான் நீட்ட வேண்டும்.

மாற்றும் முறை: முதலில் வைஃபை உள்ள இடத்தில் ஜிபோர்டில் மொழிகள், கீபோர்ட் சேர், ஜப்பானியம் என்று போய் 12 விசை அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். மொழிக் கோப்பு இறங்கி முடியும் வரை காத்திருங்கள். அதன் பிறகு கன்ஜி மாற்றம் கைப்பேசிக்குள்ளேயே நடக்கும். செம்பனைக் காட்டு நடுவில் லைன் ஒரு கோடாகத் தேயும் இடத்திலும் தட்டலாம். பழைய செயலி கிளவுடில் கேட்டுப் பதில் வாங்கும் ரகம். ஃபேக்டரி பஸ் தோட்டத்துச் சாலைக்குள் திரும்பியதும் சொல் பட்டை உறைந்துவிடும். கம்பெனி விஷயம் தட்டுகிறவர்கள் வேகத்துக்காக இல்லாவிட்டாலும் வேறு காரணத்துக்காக கிளவுட் மாற்றத்தை அணைத்து வைப்பது நல்லது: தட்டும் எழுத்து வெளியே போகிறது.

அடுத்து, அமைப்பில் ‘ஃபிளிக் மட்டும்’ என்பதை இயக்குங்கள். இதை விட்டால் பாதிப் பேர் வெறுத்து ஓடிவிடுவார்கள். அது அணைந்திருந்தால் அ-வை இரண்டு தரம் தட்டும்போது ‘அஅ’ வராது, பழைய பொத்தான் போன் மாதிரி ‘இ’ ஆகிவிடும். அம்மாவுக்கான ‘ஹஹ’ வெறும் ‘ஹி’ என்று விழுவது இதனால்தான். இழுத்தும் எழுத்து மாறாமல் கி-க்குப் பதில் க விழுந்தால் இழுப்பு குட்டையாக இருக்கிறது. ஈரக் கையும் ஓரம் உடைந்த கண்ணாடி ஒட்டியும் வழக்கமான காரணங்கள்.

கன்ஜியை எப்போதும் வாக்கியமாகத் தட்டி மாற்றுங்கள். கிகாய் என்று மட்டும் போட்டால் இயந்திரமும் வரும், வாய்ப்பும் வரும். ‘கிகாய் நின்றுவிட்டது’ என்று முழுதாகத் தட்டினால் இயந்திரம் முதலில் நிற்கும். அவசரத்தில் தவறான எழுத்தைத் தேர்ந்தால் அதையும் பலகை கற்றுக்கொள்ளும். அடுத்த வாரம் அதே தவறு முதல் இடத்தில் சிரிக்கும். ரொம்பக் கெட்டுப்போனால் கற்ற சொற்களை மொத்தமாக அழிக்க வழி இருக்கிறது, ஆனால் நல்லதும் சேர்ந்து போகும். தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு ஒன்று: ஜேஎல்பிடியில் கையால் எழுதும் பகுதி கிடையாது, விடையைக் கறுப்பாக்குவதுதான். பட்டியலில் சரியான கன்ஜியைக் கண்ணால் பொறுக்கும் பழக்கம் அங்கே கைகொடுக்கும். முதலில் வந்ததைப் பார்க்காமல் அமுக்குகிறவருக்கு அதுவும் இல்லை.

சொந்த அகராதிதான் அன்றாடம் உதவுவது. பழைய செயலியிலிருந்து நாற்பது சொற்களைக் கையால்தான் மாற்றினோம், அரை மணி நேரம். ‘யொரோ’ தட்டினால் ‘யொரோஷிகு ஒனெகாய்ஷிமாசு’ (பணிவாகக் கேட்டுக்கொள்ளும் வழக்கமான வரி) முழுதாக வரும்படி வையுங்கள். ‘ஒசெ’ என்பதற்கு ‘ஒசெவா நி நத்தெ ஒரிமாசு’, மின்னஞ்சலின் முதல் வரி. முருகன், சரவணன், லெட்சுமி என்று நம் பெயர்களைக் கதகனாவில் ஒரே மாதிரி எழுதி ஏற்றிவிடுங்கள். இல்லையென்றால் ஒரே ஆள் மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று பேராகத் திரிவார். கெடா, குலிம், லூனாஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘க்யோ’ என்று இன்றைக்கு உரிய சொல்லைத் தட்டினால் தேதி தானாக வருவது ஷிஃப்ட் அறிக்கைக்குப் போதும்.

மலாய், ஆங்கிலம், தமிழ், ஜப்பானியம் நான்கும் ஓடும் கைப்பேசியில் பூகோள விசை நான்கு தட்டல் சுற்ற வைக்கும். மலாயையும் ஆங்கிலத்தையும் ஒரே பலகையில் இணைத்தால் மூன்றாகும். பூகோளத்தை அழுத்திப் பிடித்தால் பட்டியல் வரும், அதில் நேராகத் தேர்ந்தெடுப்பது இன்னும் வேகம். தமிழுக்குச் செல்லினம் செயலியில் தமிழ்99 விசை அமைப்பு பழகியவர்கள் அதை விட வேண்டியதில்லை. திரையின் அடியில் வரும் சின்ன கீபோர்ட் படத்தைத் தொட்டு செயலி மாறலாம்.

முதல் பத்து நாள் ரோமாஜியைவிட மெதுவாகத்தான் போகும். மூன்றாம் வாரம் சமமானது. இப்போது பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கைக் கட்டை விரலால் தட்ட முடிகிறது. லேப்டாப்பில் உட்கார்ந்தால் மட்டும் பழையபடி ரோமாஜிதான், அங்கே அந்த மூன்று ‘என்’னிலிருந்து தப்ப முடியாது.