ஆச்சியின் பொத்தான்: வலைப்பக்கத்திலிருந்து ஆர்ட்டிசன் கட்டளைகளை இயக்கி மூன்று ஆண்டுகள்

காரைக்குடியில் பலகாரம் செய்து வெளியூருக்கு அனுப்பும் ஓர் ஆச்சிக்காக, பிஎச்பி மொழியில் வலைத்தளம் கட்ட உதவும் லாராவெலில் இணையக் கடை அமைத்துக் கொடுத்தேன். தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை, கல்யாணச் சீருக்கான மொத்த ஆர்டர் என எல்லாம் அதில்தான் வருகின்றன. மலிவான பகிர்வு ஹோஸ்டிங், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைந்து கட்டளை தட்டும் எஸ்எஸ்எச் வசதி கிடையாது. ஆகவே கருப்புத் திரையில் தட்டிச் செய்ய வேண்டிய பராமரிப்பு வேலைகளை வலைப்பக்கத்திலிருந்தே செய்தாக வேண்டும். லாராவெலின் கட்டளைக் கருவிக்கு ஆர்ட்டிசன் என்று பெயர்; அதை நிரலுக்குள்ளிருந்தே அழைக்க 'ஆர்ட்டிசன் கால்' இருக்கிறது. கட்டளையின் பெயரைக் கொடுத்தால் இயக்கிவிட்டு ஓர் எண்ணைத் திருப்பித் தரும். 0 வந்தால் வேலை சரியாக முடிந்தது என்று பொருள். நான் முதல் ஆறு மாதம் அந்த எண்ணைப் பார்க்கவே இல்லை; எது நடந்தாலும் பக்கத்தில் 'முடிந்தது' என்றே காட்டினேன்.

அதைவிடப் பெரிய தவறு, யாரும் ஊகிக்க முடியாத நீளமான முகவரி ஒன்றை வைத்து, திறந்தாலே கட்டளை ஓடும்படி செய்தது. பணம் கட்டாமல் பாதியில் நின்ற ஆர்டர்களை நீக்கும் வேலை அது. அந்த வாடிக்கையாளர்களின் எண்களை நோட்டில் குறித்துக்கொண்டு ஒவ்வொருவராக அழைத்துப் பேசுவது ஆச்சியின் வழக்கம். "குறித்துக்கொண்ட பிறகு இதைத் தொடுங்கள், ஆச்சி" என்று கைப்பேசியில் எழுதி, கீழே அந்த முகவரியை ஒட்டினேன். இணைப்புக்கு முன்னோட்டம் காட்ட, செய்திச் செயலி தானே அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தது. நான் அனுப்புவதற்கு முன்பே பட்டியல் காலி. அன்றே உள்நுழைவுக்குப் பின்னால் ஒரு பொத்தானாக, முகவரியைத் திறந்தால் மட்டும் ஓடிவிடாத போஸ்ட் கோரிக்கையாக மாற்றினேன். எந்தக் கட்டளை என்பதையும் படிவத்திலிருந்து வாங்குவதில்லை. அனுமதித்த நான்கு மட்டுமே நிரலுக்குள் இருக்கின்றன.

அடுத்த அடி தீபாவளிக்கு முந்தைய வாரம் விழுந்தது. தளம் வேகமாகட்டும் என்று, அமைப்புகளையெல்லாம் ஒரே கோப்பாகச் சேர்த்து வைக்கும் 'கான்ஃபிக் கேஷ்' கட்டளைக்கும் ஒரு பொத்தான் வைத்திருந்தேன். அதை ஓட்டிய பிறகு, ரகசியச் சாவிகள் இருக்கும் சூழல் கோப்பை (.env) லாராவெல் படிப்பதில்லை. கட்டணத்துக்கான ரகசியச் சாவியை நான், கான்ஃபிக் கோப்பு வழியாக எடுக்காமல், நிரலின் நடுவில் 'என்வ்' என்று சூழல் கோப்பிடமே நேரடியாகக் கேட்டிருந்தேன். கிடைத்தது வெறுமை. கூடை நிரம்பியவர்கள் பணம் கட்ட முடியாமல் திரும்பினார்கள். ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறது, படிக்காதது நான்.

கால வரம்புதான் உண்மையில் தலையைத் தின்றது. பிஎச்பி கட்டளை வரியில் ஓடும்போது நேர வரம்பு இல்லை. வலைக் கோரிக்கைக்கு இயல்பாக 30 வினாடி. ஆர்ட்டிசனை நிரலுக்குள்ளிருந்து அழைத்தாலும் அது ஓடுவது அதே கோரிக்கைக்குள்தான், அதே வரம்போடு. பலகாரப் படங்களையெல்லாம் சிறிதாக்கும் வேலை பாதியில் அறுந்து, அதிரசம் வரை படம் இருக்கும், கைமுறுக்குக்கு இருக்காது. ஆச்சி மறுபடி அழுத்துவார், மறுபடி அதிரசத்திலேயே நிற்கும். வரம்பைக் கூட்டிப் பார்த்தேன். முன்னால் நிற்கும் வலை சர்வர் தன் கணக்குக்கு இணைப்பை வெட்டியது.

இப்போது நீண்ட வேலைக்கு 'கால்' இல்லை, 'ஆர்ட்டிசன் கியூ'தான். பொத்தானை அழுத்தினால் தரவுத்தளத்தின் வரிசையில் ஒரு பதிவு சேரும், அவ்வளவே. ஹோஸ்டிங் பலகத்தில் குறித்த நேரத்துக்கு வேலைகளை ஓட்டும் க்ரான், நிமிடத்துக்கு ஒரு முறை வரிசையைப் பார்த்து, இருப்பதை முடித்துவிட்டு நின்றுகொள்ளும். தற்காலிகச் சேமிப்பான கேஷைத் துடைப்பது போன்ற சில்லறை வேலைகளை மட்டும் இன்னும் நேரடியாக அழைக்கிறேன். எஸ்எஸ்எச் உள்ள சர்வர் என்றால் இந்த ஏற்பாட்டில் பாதி தேவைப்பட்டிருக்காது. ஆனால் அதன் மாதக் கட்டணத்தைச் சொன்னால் ஆச்சி எத்தனை கிலோ முறுக்கு என்று கணக்குப் போடுவார்.

'வரிசையில் இருக்கிறது' என்று பக்கம் சொன்னாலும் அவருக்கு நம்பிக்கை இல்லை. ஒவ்வொரு முறையும் அழைத்துவிடுகிறார்: "தம்பி, அழுத்திவிட்டேன், என்னவென்று பார்."