கேபிளா, பயாஸா? பூட் டிரைவ் தெரியாதபோது எதை முதலில் பார்ப்பது

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் 'பூட் டிவைஸ் இல்லை' (விண்டோஸ் இருக்கும் டிரைவ் கிடைக்கவில்லை) என்று வந்தால் பலரும் உடனே கேபினட்டைத் திறந்துவிடுகிறார்கள். நான் பயாஸ் பக்கம்தான், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன்பே மதர்போர்டில் ஓடும் செட்டிங் புரோகிராம். டெலீட் அல்லது எஃப்2 தட்டி உள்ளே போக ஒரு நிமிடம்கூட ஆகாது, ஸ்க்ரூடிரைவரும் வேண்டாம்.

அங்கே டிரைவின் பெயர் இருந்தால் பெரும்பாலும் கேபிளைத் தொட வேண்டியதில்லை. சிக்கல் பூட் வரிசையிலோ (எந்த டிரைவை முதலில் பார்ப்பது என்ற வரிசை), செட்டிங்கிலோ, விண்டோஸின் பூட் ஃபைல்களிலோ இருக்கும். எம்பிஆர் என்ற பழைய டிரைவ் பிரிப்பு முறையில் விண்டோஸ் போட்ட டிரைவ், சிஎஸ்எம் (பழைய முறை டிரைவ்களையும் பூட் ஆக விடும் பயாஸ் செட்டிங்) அணைந்திருந்தால் பூட் ஆகாது. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்தாலே இந்த செட்டிங்குகள் ஆரம்ப நிலைக்கு மாறிவிடக்கூடும். கடிகாரமும் தப்பான தேதி காட்டுகிறதா? பேட்டரியை மாற்றி, செட்டிங்கை மறுபடி வையுங்கள்.

பெயரே இல்லையென்றால்தான் கேபிள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டிரைவை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிளை இரு முனையிலும் கழற்றி மாட்டுங்கள், பவர் கேபிளையும்தான். அப்புறம் வேறு கேபிள், வேறு போர்ட். இதில் ஒரு வில்லங்கம் உண்டு: பல மதர்போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டில் (கேபிள் இல்லாமல் நேரே செருகும் இடம்) எஸ்எஸ்டி போட்டால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் செயலிழந்துவிடும். புது எஸ்எஸ்டி போட்ட அன்றே பழைய டிரைவ் காணாமல் போனால் முதல் சந்தேகம் இதன்மேல்தான். எந்த போர்ட் என்பது மதர்போர்டு கையேட்டில் இருக்கும்.