டண்டீயில் தங்கப் போகிறீர்களா? ஜன்னல் எந்தப் பக்கம் என்று முதலில் கேளுங்கள்

ஸ்காட்லாந்தின் நான்காவது பெரிய நகரம் டண்டீ. அங்கே நடுத்தர விலை ஹோட்டல்களை ஒப்பிட உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் சலிப்புத் தட்டிவிடும். எல்லா அறைகளிலும் அதே கெட்டில், அதே இரண்டு பிஸ்கட், அதே சாம்பல் நிறக் கம்பளம். சாதாரண வார நாளில் 70 முதல் 120 பவுண்டுக்குள் கிடைக்கும் அறைகளில் உள்ளே பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. வித்தியாசம் ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது. ஒரே மாடியில், ஒரே கட்டணத்தில், ஒருவருக்கு டே ஆறு கிடைக்கும். எதிர் அறைக்காரருக்கு சிக்னலில் நின்று கிளம்பும் லாரி கிடைக்கும்.

அந்தக் கரை உருவான விதம்தான் இதற்குக் காரணம். 1960களில் டே சாலைப் பாலத்தின் நகர முனைக்கு இடம் வேண்டுமென்று ஊரின் நடுவே இருந்த பழைய கப்பல் துறைகளைத் தூர்த்தார்கள். விக்டோரியா ராணியின் வருகையின் நினைவாக எழுப்பிய ராயல் ஆர்ச்சையும் 1964இல் தகர்த்தார்கள். பாலம் 1966இல் திறந்தது. ஆற்றின் மறுகரையான ஃபைஃப் பக்கத்திலிருந்து வரும் வண்டிகள் எல்லாம் நேராக நகரத்தின் மடியில் வந்து இறங்கின. ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவே சாலைகளும் கான்கிரீட் அலுவலகக் கோபுரமும் முளைத்தன. 2001இல் தொடங்கிய 30 ஆண்டுத் திட்டம், 100 கோடி பவுண்டு மதிப்பில், இதையெல்லாம் பிரித்துத் திரும்பக் கட்டுகிறது. கோபுரம் போய்விட்டது. ஸ்லெஸ்ஸர் தோட்டம் வந்தது. 2018இல் புதிய ரயில் நிலையமும், ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கெங்கோ குமா வடிவமைத்த வி அண்ட் ஏ அருங்காட்சியகமும் திறந்தன. ஆனால் பாலம் அதே இடத்தில்தான் இறங்குகிறது, வண்டிகளும் அதே வழியாகத்தான் வருகின்றன. கரையோரத்தில் எந்த ஹோட்டலில் தங்கினாலும் ஏதாவது ஒரு பக்கம் பெரிய சாலையைப் பார்த்தபடிதான் இருக்கும்.

இனி ஒவ்வொன்றாக.

ரயிலில் வருபவர்களுக்கு ஸ்லீப்பர்ஸ் ஹோட்டல். நிலையக் கட்டடத்தின் மேலேயே இருக்கிறது. பெட்டியை உருட்டிக்கொண்டு தெருவைக் கடக்க வேண்டியதில்லை. ரயில் சத்தத்துக்குப் பலர் பயப்படுகிறார்கள். அவ்வளவு பயம் தேவையில்லை. தண்டவாளம் தெரு மட்டத்துக்குக் கீழே ஓடி, கிழக்கே சுரங்கத்துக்குள் போய்விடுகிறது. தூக்கத்தைக் கெடுப்பது சாலைச் சந்திப்புதான். சந்திப்பைப் பார்க்காத பக்கம், முடிந்த அளவு மேல் மாடி என்று முன்பதிவுக் குறிப்பில் எழுதுங்கள்.

குழந்தைகளோடு வருகிறீர்கள் என்றால் டிஸ்கவரி கீ என்ற கப்பல் துறையில் உள்ள பிரீமியர் இன். பக்கத்திலேயே ஆர்ஆர்எஸ் டிஸ்கவரி நிற்கிறது. கேப்டன் ஸ்காட்டை அண்டார்க்டிகாவுக்குக் கொண்டுபோன கப்பல். டண்டீயிலேயே கட்டி 1901இல் நீரில் இறக்கியது, 1986இல் ஊர் திரும்பியது. இரண்டு நிமிட நடையில் வி அண்ட் ஏ. அதன் நிரந்தரக் கூடங்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. இந்த விலையில் இதைவிட நல்ல இருப்பிடம் ஊரில் கிடையாது. அறை சாதாரணம்தான், ஆனால் யாரும் அறைக்குள் உட்கார்ந்திருக்கப் போவதில்லை.

ஒயிட்ஹால் கிரசென்ட்டில் குவிமாடத்தோடு நிற்கும் பழைய கட்டடம் மால்மேசன். மது பரிமாறாத டெம்பரன்ஸ் ஹோட்டலாகப் பிறந்தது. இன்று அங்கே பார் நடக்கிறது. பழைய கட்டடம் என்பதால் அறைக்கு அறை அளவும் வடிவமும் மாறும். படத்தில் பார்த்த அறைதான் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். அறை வகையின் பெயரைச் சொல்லி, எத்தனை சதுர மீட்டர் என்று கேட்டு வாங்குங்கள்.

நீச்சல் குளமும் ஸ்பாவும் வேண்டுமானால் சிட்டி கீயில் இருக்கும் ஏபெக்ஸ். நிலையத்திலிருந்து கிழக்கே ஏறக்குறைய 15 நிமிட நடை. வழியில் பாலத்திலிருந்து இறங்கும் வண்டிகளைத் தாண்ட வேண்டும். பெட்டியோடு, மழையில், அது நீண்ட 15 நிமிடம். டாக்ஸி எடுத்துவிடுங்கள்.

நான்கைந்து இரவு தங்குகிற குடும்பத்துக்கு எங்கள் தேர்வு ஆற்றங்கரையில் இல்லவே இல்லை. லோயர் டென்ஸ் மில் என்ற பழைய லினன் ஆலைக்குள் ஹோட்டல் இண்டிகோவும் ஸ்டேபிரிட்ஜ் ஸ்வீட்ஸும் ஒன்றாக இருக்கின்றன. பாக்ஸ்டர் சகோதரர்களின் ஆலை அது. ஸ்டேபிரிட்ஜ் அறைகளில் ஃபிரிட்ஜ், அடுப்பு, மைக்ரோவேவ் உண்டு. மூன்றாம் நாள் இரவு ஒரு வாய் ரசம் சாதத்துக்கு ஏங்குபவர்களுக்கு ஆற்றுக் காட்சியைவிட இது பெரிது. எண்ணெய் காய்ந்து கடுகு வெடிக்கும் முன் புகைபோக்கி விசிறியைப் போட்டு, குளியலறைக் கதவைச் சாத்துங்கள். ஏன் என்று கீழே சொல்கிறோம்.

ஜன்னலுக்கு வருவோம். டண்டீ கரை தெற்கு நோக்கியது. ஆறு தெரியும் அறை என்றால் அது தெற்கு பார்த்த அறை. குளிர்காலத்தில் இது வரம்: டிசம்பர் கடைசியில் சூரியன் காலை 8.45க்கு எழுந்து மாலை 3.35க்கே அடங்கிவிடும். அந்த ஏழு மணி நேரத்துக்குள் வரும் தாழ்ந்த வெயில் தெற்கு ஜன்னலில்தான் விழும். கோடையில் கதை வேறு. ஜூன் மாதம் விடிவது அதிகாலை 4.25 வாக்கில், பொழுது சாய்வது இரவு 10க்குப் பிறகு. எழும் திசை வடகிழக்கு, சாயும் திசை வடமேற்கு. எனவே விடியல் வெளிச்சம் நேராக விழுவது ஊர்ப் பக்க அறைகளில். ஆற்றுப் பக்க அறை காலையில் இருட்டாக இருக்கும். ஆனால் பகல் முழுக்க வெயில் வாங்கி மாலையில் புழுங்கும். மின்விசிறி கிடையாது. பாதுகாப்புக்காக ஜன்னலை ஒரு சாண் அளவுகூடத் திறக்க விடமாட்டார்கள். குளிர்சாதனம் எல்லா இடங்களிலும் இருக்கும் என்று எண்ண வேண்டாம். கேட்டு உறுதிசெய்யுங்கள், இல்லையென்றால் மேசை விசிறி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரிசப்ஷனில் இருப்பது சிலதான், வெயில் நாளில் முதலில் கேட்பவருக்குத்தான் கிடைக்கும்.

ஜன்னலைத் திறந்தால் கடற்காகம். விடிவதற்கு முன்பே கூரைகளில் கூச்சல் தொடங்கிவிடும். காதடைப்பான் பஞ்சு கொண்டுபோவது வெட்கமில்லை.

காட்சிக்காகவே காசு கொடுப்பவர்கள் தென்மேற்கு மூலை அறை கேட்கலாம். அங்கிருந்து ரயில் பாலம் தெரிய வாய்ப்பு அதிகம். முதல் பாலம் 1878இல் திறந்து, 1879 டிசம்பர் 28 புயலில் ஓடும் ரயிலோடு ஆற்றில் விழுந்தது. இப்போதுள்ளது 1887இல் வந்தது. பழைய தூண்களின் அடிக்கட்டைகள் அதன் பக்கத்தில் இன்னும் வரிசையாக நிற்கின்றன. ஆனால் கிழக்குக் கடலிலிருந்து ஹார் என்று உள்ளூரில் சொல்லும் கடல் மூடுபனி ஏறினால், ஆறும் இல்லை, பாலமும் இல்லை, வெள்ளைச் சுவர்தான். அதற்குப் பணம் திரும்ப வராது.

குளியலறையில் நம்மவர்கள் தடுமாறும் இடங்கள் இரண்டு. ஷவரில் ஒரு முனைத் திருகு தண்ணீரின் அளவு, மறுமுனை சூடு. சூட்டுத் திருகு 38 டிகிரியில் நின்றுவிடும், கெட்டுப்போகவில்லை. அதில் உள்ள சின்னப் பொத்தானை அழுத்திக்கொண்டே திருப்பினால் மேலே போகும். கூரையிலிருந்து தொங்கும் கயிறு வெள்ளையாக இருந்தால் விளக்கு. சிவப்பு என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான அவசர அழைப்பு, இழுத்தால் ஊழியர் ஓடி வருவார். ஹெல்த் ஃபாசெட் இருக்காது. ஒரு மக் எடுத்துப் போங்கள். தரையில் தண்ணீர் வடிய வழியும் இருக்காது. ஷவர் திரையை அல்லது கதவைத் தொட்டியின் உள்பக்கமாக விட்டுக் குளிக்காவிட்டால் தண்ணீர் அறைக் கம்பளத்துக்குப் போகும்.

குளித்து முடித்து, ஆவியோடு கதவை விரியத் திறந்தால் படுக்கையறைப் புகை உணரி அலறக்கூடும். சமையல் புகைக்கும், ஊதுபத்திக்கும் இதே கதிதான். விசிறி ஓடட்டும், கதவு சாத்தியிருக்கட்டும். ஒரு அறையின் ஊதுபத்தி மொத்த ஹோட்டலையும் இரவு உடையில் வாசலில் நிறுத்திவிடும்.

சுவர் பிளக் சதுரக் கால் மூன்று உள்ளது. நம் உருண்டைக் கால் பிளக் நுழையாது. அடாப்டர் இரண்டு வேண்டும், ஒன்று போதாது. குளியலறையில் ஷேவருக்கான பிளக் பாயிண்ட் மட்டும் இருக்கும், அதில் ஹேர் டிரையர் ஓடாது. குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம். கடினத்தன்மை இல்லாத தண்ணீர் என்பதால் சோப்பு நிறைய நுரைக்கும், ஷாம்பு பாதி போதும்.

டபுள் என்று எழுதியிருந்தால் கட்டில் 135 சென்டிமீட்டர் அகலமாக இருக்கலாம். இரண்டு பெரியவர்களுக்கு அது நெருக்கடிதான். கிங் என்றால் 150. ட்வின் என்றால் 90 வீதம் இரண்டு தனிக் கட்டில்.

காலை உணவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். முழு ஸ்காட்டிஷ் தட்டில் சதுர வடிவ லோர்ன் சாசேஜ் பெரும்பாலும் மாட்டிறைச்சி, அல்லது அதோடு பன்றி கலந்தது. கறுப்பு வட்டமாக இருக்கும் பிளாக் புட்டிங் இரத்தம் சேர்த்தது. கேக் என்று நினைத்து எடுப்பவர்கள் உண்டு. ஹாகிஸ் ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரலோடு ஓட்ஸ் சேர்த்தது. மிளகுக் காரம் தெரியும், அசைவம் சாப்பிடுபவர்கள் ஒருமுறை சுவைத்துப் பார்க்கலாம். சைவ ஹாகிஸும் உண்டு, பருப்பும் ஓட்ஸும் சேர்த்தது. அது நன்றாகவே இருக்கும். டாட்டி ஸ்கோன் என்பது உருளைக்கிழங்கு மாவு ரொட்டி. சைவம்தான், ஆனால் பேக்கன் பொரித்த தகட்டிலேயே வாட்டியிருக்கலாம். தனிச் சட்டியில் செய்து தரச் சொல்லிக் கேளுங்கள். முகம் சுளிக்க மாட்டார்கள். 14 வகை ஒவ்வாமைப் பொருள்களின் விவரம் கேட்டால் சொல்ல வேண்டும் என்பது சட்டம். பாரிட்ஜ் எனும் ஓட்ஸ் கஞ்சி பால் ஊற்றியதா, தண்ணீரா என்று கேளுங்கள். மார்மலேட் இந்த ஊரின் பெருமை, இரண்டு கரண்டி போட்டுக்கொள்ளலாம்.

கட்டணத்தில் காலை உணவு சேராத அறையை எடுத்து, ஒரு நாள் மட்டும் பணம் கொடுத்துச் சாப்பிடுவது புத்திசாலித்தனம். நான்கு நாளும் அந்தத் தட்டைத் தாங்கும் வயிறு அபூர்வம். காட்டும் விலையில் 20 சதவீத வாட் வரி அடங்கிவிடும், மேலே சேர்க்க மாட்டார்கள்.

சொந்தக் காரிலோ நண்பர் காரிலோ போனால் ஒன்றைக் கவனியுங்கள். உள்வட்டச் சாலையான ஏ991க்கு உள்ளே இருக்கும் நகர மையம் குறைந்த மாசு மண்டலம். 2024 மே 30 முதல் அபராதம் அமலில் இருக்கிறது. பெட்ரோல் யூரோ 4, டீசல் யூரோ 6 என்ற புகை அளவுத் தரத்துக்குக் குறைந்த வண்டி உள்ளே நுழைந்தால் 60 பவுண்டு. 14 நாளுக்குள் கட்டினால் 30. பணம் கட்டி நுழைய அனுமதிச் சீட்டு எதுவும் கிடையாது. மறுபடி மாட்டினால் தொகை இரட்டிக்கும். வாடகைக் கார்கள் புதியவை, பிரச்சினை இல்லை. 2015 செப்டம்பருக்கு முந்தைய டீசல் வைத்திருக்கும் நண்பர்தான் யோசிக்க வேண்டும். சாலைப் பாலத்தில் சுங்கம் 2008இலேயே போய்விட்டது.

லண்டனிலிருந்து இரவு ஸ்லீப்பர் ரயிலில் வந்தால் காலை 6 மணி வாக்கில் இறங்குவீர்கள். அறை கிடைப்பது பெரும்பாலும் மதியம் 2 அல்லது 3 மணிக்கு. பெட்டியை ரிசப்ஷன் வாங்கி வைத்துக்கொள்ளும். முன்கூட்டி அறை வேண்டுமென்றால் முதல் நாளே பேசி, கூடுதல் கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். எடின்பரோ விமான நிலையத்திலிருந்து நகருக்குள் போய் அலைய வேண்டாம். டிராமில் எடின்பரோ கேட்வே நிலையம் போய், அங்கே நிற்கும் டண்டீ ரயிலைப் பிடிக்கலாம். எல்லா டண்டீ ரயில்களும் நிற்காது, அட்டவணை பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்காட்ரெயிலில் நெரிசல் நேரக் கூடுதல் கட்டணம் 2025 செப்டம்பரோடு ஒழிந்துவிட்டதால், எந்த நேர ரயில் என்பது செலவை மாற்றாது.

பதிவின்போது 16 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரின் பெயரும் நாட்டினமும் கேட்பார்கள். பாஸ்போர்ட்டைப் பெட்டிக்கு அடியில் வைக்காதீர்கள். கார்டில் முன்பணம் பிடித்துவைப்பதும் வழக்கம். அது டெபிட் கார்டு என்றால் திரும்ப விடுபடச் சில நாள் ஆகும், கிரெடிட் கார்டு கொடுங்கள்.

விலை எகிறும் நாள்கள் பெரும்பாலும் கோல்ஃபால் வருபவை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அரை மணி நேரப் பேருந்துத் தொலைவில் செயின்ட் ஆண்ட்ரூஸ் இருக்கிறது. அங்கே அறை கிடைக்காதவர்கள் எல்லாம் டண்டீக்கு வருவார்கள். இலையுதிர் காலத்து டன்ஹில் லிங்க்ஸ் போட்டி வாரமும், 2027 ஜூலையில் அங்கே நடக்கவிருக்கும் ஓப்பன் போட்டி வாரமும் தவிர்க்க வேண்டியவை. ஜூன் மாதப் பட்டமளிப்பு நாள்களிலும் அறை அரிது. கோடையில் ஸ்லெஸ்ஸர் தோட்டத்தில் இசை நிகழ்ச்சி உள்ள இரவா என்றும் பாருங்கள்; அன்று ஊர்ப் பக்க ஜன்னல் வேண்டாம். செயின்ட் ஆண்ட்ரூஸ் போக 99ஆம் எண் பேருந்து. பலத்த காற்றில் பாலத்தில் இரட்டை மாடி வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். அப்படிப்பட்ட நாளில் லூச்சர்ஸ் வரை ரயிலில் போய், அங்கிருந்து பேருந்து மாறுங்கள்.