ஹாக்கன் துப்பாக்கிக்கு எந்தக் கேப்? பல பருவங்கள் பயன்படுத்திய அனுபவம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கவாட்டில் சுத்தியல் வைத்த பழைய பாணித் துப்பாக்கிக்கு, நல்ல நிப்பிளும் அசல் கருமருந்தும் இருந்தால், 11ஆம் எண் கேப்பே போதும். கேப் என்பது மருந்தைப் பற்றவைக்கும் சிறு செப்புக் குல்லாய், நிப்பிள் அதை மாட்டும் கூம்பு. குளிரிலும் ஈரத்திலும் வேட்டைக்குப் போகிறவர் அதைவிடப் பெரிய மஸ்கெட் கேப்புக்கு மாறலாம், அதற்கு நியாயம் உண்டு. ஷாட்கன் தோட்டாவைப் பற்றவைக்கும் 209 பிரைமரை இந்த வகைத் துப்பாக்கியில் மாட்டுவது வீண் செலவு. ஒரே துப்பாக்கியில் மூன்றையும் பல வேட்டைப் பருவங்களாக மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்த பிறகுதான் இதைச் சொல்கிறேன்.

நான் இருப்பது அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், பாய்சி நகரில். இங்கே வேட்டைக்கு நவீன ரைஃபிள் பருவம் தனி, அம்புப் பருவம் தனி, குழல்வாய் வழியே மருந்து இடித்து நிரப்பும் மஸில்லோடர் பருவம் தனி. தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் நாட்டுத் துப்பாக்கி என்று அடிக்கடி அடிபடுவதும் இதே இனம்தான். ஆனால் இங்கே அனுமதிச் சீட்டு வாங்கிச் செய்வதை அங்கே யாரும் முயன்றுபார்க்க வேண்டாம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சும்மா விடாது.

என்னுடையது ஹாக்கன் பாணித் துப்பாக்கி. 50 காலிபர், அதாவது குழலின் உள்விட்டம் அரை அங்குலம்; 28 அங்குல எட்டுப்பட்டைக் குழல்; குண்டைச் சுழலவைக்கும் உட்புற வரிகள் 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று. செயின்ட் லூயிஸ் நகரில் ஜேக்கப், சாமுவேல் என்ற ஹாக்கன் சகோதரர்கள் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மலைவேட்டைக்காரர்களுக்குச் செய்து கொடுத்த துப்பாக்கிகளின் பெயரைத் தாங்கி, 1970களிலிருந்து ஆலைகளில் தயாரான வகை. பித்தளைப் பூண்கள் பளபளக்கும். அசல் ஹாக்கனில் பெரும்பாலும் இரும்புப் பூண்தான், ஆகவே பழைமைப் பற்றாளர்கள் இதைக் கண்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். பிதுக்கட்டும். சுடுவதில் குறை இல்லை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: அளந்த கருமருந்தைக் குழல்வாய் வழியே கொட்டி, கொழுப்புத் தடவிய துணியில் பொதிந்த ஈயக் குண்டை அதன் மேல் வைத்து, இடிகோலால் அடிவரை இறக்குகிறோம். குழலின் அடியில், பக்கவாட்டில், நிப்பிள் என்ற துளையிட்ட சிறு எஃகுக் கூம்பு திருகப்பட்டிருக்கும். அதன் தலையில் செப்புக் கேப்பை மாட்டுகிறோம். சுத்தியல் விழுந்ததும் கேப் வெடித்து, அதன் நெருப்பு துளை வழியே இறங்கி, ஒரு வளைவில் திரும்பி, குறுகலான வழியைக் கடந்து மருந்தைத் தொட வேண்டும். தீபாவளிக்குக் கேப் துப்பாக்கி வெடித்தவர்களுக்குப் பாதி விளங்கியிருக்கும். அந்தப் பொட்டு வெடியைச் செப்புக் குல்லாய்க்குள் அடைத்ததுபோலத்தான் இது. மீதிப் பாதி அந்த வளைந்த வழியில் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் கேப்பின் பலத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள். தொல்லை வருவதோ அந்த வழியில்தான்.

இந்த ஏற்பாட்டுக்கு மூலவர் ஒரு பாதிரியார் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். ஸ்காட்லாந்தின் பெல்ஹெல்வி என்ற ஊரில் இருந்த அலெக்சாண்டர் ஃபோர்சைத்துக்கு வேட்டைப் பித்து. சக்கிமுக்கித் துப்பாக்கியில் வெளித்தட்டு மருந்து பளிச்சென்று எரிந்ததுமே, குண்டு புறப்படும் முன் பறவைகள் பறந்துவிடுகின்றன என்பது அவருடைய குறை. அடித்தால் வெடிக்கும் ஃபல்மினேட் உப்பைப் பயன்படுத்தி 1807இல் காப்புரிமை வாங்கினார். அதைச் செப்புக் குல்லாயாக்கிய பெருமைக்குப் பலர் உரிமை கொண்டாடினார்கள். இங்கிலாந்தில் பிறந்து பிலடெல்பியாவில் குடியேறிய ஜோஷுவா ஷா என்ற ஓவியர் 1822இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1840களில் படைகளும் இதற்கு மாறின. 1857 கிளர்ச்சியில் நாம் படித்த, கொழுப்புத் தடவிய தாள் தோட்டாவுக்குப் பேர்போன என்ஃபீல்டு துப்பாக்கியும் கேப் வைத்துச் சுடுவதுதான். அது தலையில் சுமந்த பெரிய, விளிம்பு வைத்த தொப்பிதான் இன்றைய மஸ்கெட் கேப்.

இனி 11ஆம் எண்ணுக்கு வருவோம். பென்சிலின் பின்பக்க ரப்பரை விடச் சிறியது. வெறும் விரலால் எடுத்து நிப்பிளில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தும்போது, அது கூம்பின் தோள் வரை இறங்கி உட்கார்ந்ததா என்பது விரலுக்குத் தெரிய வேண்டும். உட்காராமல் ஒரு முடி அளவு மேலே நின்றால், சுத்தியலின் முதல் அடி கேப்பைக் கீழே தள்ளுவதிலேயே செலவாகிவிடும், வெடிக்காது. மறுபடி சுத்தியலை இழுத்து அடித்தால் கச்சிதமாக வெடிக்கும். இரண்டாம் அடியில் வெடிக்கிற துப்பாக்கியைக் கண்டால், கேப் நமத்துப்போய்விட்டது என்று கடைக்காரரைத் திட்டாதீர்கள். கேப்பும் நிப்பிளும் பொருந்தவில்லை என்று பொருள். ஒரு தயாரிப்பாளரின் 11க்கும் இன்னொருவரின் 11க்கும் உள்விட்டம் ஒன்றல்ல. நிப்பிள் கூம்புகளும் அப்படியே. ஆகவே முதலில் கிடைக்கிற கேப் எது என்று பார்த்து, அதற்கேற்ற நிப்பிளை வாங்குவதே புத்தி. கூம்பு கொஞ்சம் தடிமனாக இருந்தால், நிப்பிளைக் கைத்துளைப்பான் வாயில் மாட்டிச் சுழலவிட்டு, நுண்மையான எமரித் தாளால் லேசாகத் தேய்த்தால் சரியாகிவிடும். தேய்ப்பதை அடிக்கடி நிறுத்தி, கேப்பை வைத்துப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். துப்பாக்கியோடு வந்த நிப்பிளை நான் எப்போதோ கழற்றிவிட்டேன். இப்போது இருப்பது ஆம்ப்கோ என்ற வெண்கலக் கலவை நிப்பிள். துருப்பிடிப்பதில்லை.

நிப்பிளுக்கும் ஆயுள் உண்டு. புதியதின் துளை ஏறத்தாழ 0.028 முதல் 0.030 அங்குலம். சுடச் சுட அது அரித்து அகலும். அகன்றால் வாயு பின்னோக்கிச் சீறும், சுத்தியல் தானாக மேலெழும்பும், கேப் துணுக்குகள் முகத்துப் பக்கம் தெறிக்கும். கண்ணாடி அணியாமல் இந்தத் துப்பாக்கியின் பக்கத்தில்கூட நிற்கக் கூடாது.

அடுத்தது அந்த வழி. பருவம் முடிந்து துப்பாக்கியைக் கழுவி, எண்ணெய் தடவி, சுவரில் சாய்த்து நிமிர்த்தி வைத்தால் எண்ணெய் முழுவதும் மெல்ல இறங்கி, குழலின் அடியில் அந்தக் குறுகல் வழியில் தேங்கும். அடுத்த முறை அதன் மேலேயே மருந்தைக் கொட்டினால், உலகத்திலேயே சூடான கேப்பை வைத்தாலும் பற்றாது. நான் குழல்வாய் கீழாக, ஒரு பழந்துணி மேல் நிறுத்தி வைக்கிறேன். சுடும் நாளன்று எண்ணெயைத் துணியால் உறிஞ்சி எடுத்துவிட்டு, மருந்து நிரப்பும் முன் வெறும் கேப்பை வெடிக்கிறேன். அப்போது குழல்வாயைத் தரையில் ஒரு புல் இதழுக்கு அருகே பிடித்துக்கொள்ள வேண்டும். கேப் வெடித்ததும் புல் துடித்து விலகினால் வழி திறந்திருக்கிறது. புல் அசையவில்லை என்றால் எங்கோ அடைப்பு, கம்பி எடுத்துக் குத்த வேண்டும். அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு கேப் வெடித்து உள்ளே இருக்கும் ஈரத்தைச் சுட்டு உலர்த்திவிடுகிறேன். மருந்தைக் கொட்டியபின் குழலின் பக்கத்தில் உள்ளங்கையால் நாலு தட்டு. மருந்துத் துகள் வளைவு வரை இறங்கி நிற்க அது உதவும். கேப் விஷயத்தில் நான் கற்ற வித்தைகள் எல்லாம் சேர்ந்தும் இந்த ஒரு பத்திக்கு ஈடாகாது.

மருந்தும் இதில் கட்சிக்காரர்தான். வெடியுப்பு, கரி, கந்தகம் கலந்த அசல் கருமருந்து சிறு பொறிக்கே பற்றும். அதற்குப் பதிலாகக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் மாற்று மருந்துகளான பைரோடெக்ஸ், டிரிபிள் செவன் போன்றவை பற்றுவதற்கு அதிக வெப்பம் கேட்பவை. என் துப்பாக்கியில் 11ஆம் எண் கேப் ‘டப்’ என்று வெடித்தும் குண்டு கிளம்பாமல், அரை நொடி தாமதித்துப் பிறகு வெடித்ததெல்லாம் மாற்று மருந்தோடுதான். அந்த அரை நொடியில் குறி போய்விடும். கிளம்பவே இல்லையென்றால் குழலை இலக்குப் பக்கமே பிடித்தபடி ஒரு நிமிடமாவது பொறுத்திருக்க வேண்டும், எட்டிப்பார்க்கும் ஆசை ஆகாது. மாற்று மருந்துதான் கிடைக்கிறது என்றால் கூடுதல் சூடு தரும், மேக்னம் என்று எழுதிய 11ஆம் எண்ணோ, மஸ்கெட் கேப்போ நல்லது. அசல் மருந்து கிடைத்தால் சாதாரண 11 தாராளம்.

மஸ்கெட் கேப்பை நான் மதிப்பது அதன் நெருப்புக்காக அல்ல, அதன் உடம்புக்காக. ஐடஹோவில் மஸில்லோடர் பருவங்கள் பல நவம்பர், டிசம்பரில் வருகின்றன. பனி பெய்யும் காலை, கையுறை, மரத்துப்போன விரல்கள். 11ஆம் எண் கேப் கையுறையிலிருந்து நழுவிப் பனியில் விழுந்தால் தேடாதீர்கள், போனது போனதுதான். மஸ்கெட் கேப்பைக் கையுறையோடே விளிம்பைப் பிடித்து எடுத்து மாட்டிவிடலாம். கழற்றுவதும் எளிது. என் துப்பாக்கியின் நிப்பிள் மரை கால் அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 சுற்று. அமெரிக்கத் தயாரிப்புகள் பலவற்றில் இதுதான். இதே மரையில் மஸ்கெட் நிப்பிளும் விற்கிறார்கள், ஆகவே மாற்றுவது தேநீர் ஆறுவதற்குள் முடிகிற வேலை. இத்தாலிய, ஸ்பானியத் தயாரிப்புகளில் மில்லிமீட்டர் மரை இருக்கும். அளக்காமல் வாங்கித் திருகினால் குழலின் மரையே கெட்டுவிடும்.

குறைகளும் உண்டு. சுத்தியலின் குழிந்த முகம் அகலமாக இல்லாவிட்டால் மஸ்கெட் கேப் அதற்குள் அடங்காது, ஒரு பக்கம் மட்டும் அடிபடும். நிப்பிள் திருகும் சாவியும் வேறு. வெடித்த கேப் பிளந்து சுத்தியல் முகத்துக்குள் ஒட்டிக்கொள்வதும் உண்டு. விலை கூடுதல், கடைகளில் அரிது. குறிப்பலகையில் சுடும்போது 11ஐ விட இது குறியைக் கூட்டிக் கொடுக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது. உலர்ந்த நாளில் இரண்டுக்கும் வேறுபாடே தெரிவதில்லை.

209 என்பது ஷாட்கன் தோட்டாவின் பின்புறம் இருக்கும் பிரைமர். டோனி நைட் 1985இல் எம்கே-85 என்ற துப்பாக்கியைக் கொண்டுவந்த பிறகு பரவிய நேர்வரிசைத் துப்பாக்கிகளில், அதாவது பற்றவைக்கும் பொருள் குழலுக்கு நேர் பின்னால் இருக்கும் வகையில், இன்று இதுவே வழக்கம். அங்கே அது பொருத்தம்: நெருப்பு நேராகப் பாய்கிறது, இறுக்கிய மாற்று மருந்து வில்லைகளுக்கு அவ்வளவு சூடும் வேண்டும். பக்கச் சுத்தியல் துப்பாக்கிக்கும் 209 மாற்றுக் கருவிகள் கிடைக்கின்றன. நிப்பிளைக் கழற்றி அந்த இடத்தில் ஒரு சிறு இருக்கையைத் திருகி, பிரைமரை வைத்து, ஊசி பொதிந்த மூடியை மேலே திருக வேண்டும். நான் வாங்கியது எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். அது வெடிக்கத் தவறியதில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். மழையிலும் வெடித்தது. ஆனால் சில வெடிகளுக்குப் பிறகு கரி படிந்து மூடி இறுகிவிடும், அதைத் திருகிக் கழற்றப் பையில் குறடு வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. குளிரில் அந்தத் துக்கடா மூடியைப் பிடித்துத் திருகுவது 11ஆம் எண் கேப்பை மாட்டுவதை விடப் பெரும்பாடு. எதைத் தவிர்க்க மாறினேனோ, அதுவே இரட்டிப்பாக வந்து நின்றது.

எல்லாவற்றுக்கும் மேல் விதி. ஐடஹோவின் மஸில்லோடர் பருவ விதிப்படி சக்கிமுக்கி, மஸ்கெட் கேப், சாதாரணக் கேப் மட்டுமே செல்லும், 209க்கு அனுமதி இல்லை. சுடத் தயாராக இருக்கும்போது கேப்பின் ஒரு பகுதியாவது வெளியே தெரிய வேண்டும். மருந்தும் வில்லையாக அல்லாமல் தூளாக இருக்க வேண்டும். ஆக, அந்தக் கருவியோடு வேட்டைக்குப் போக வேண்டுமானால் நவீன ரைஃபிள்காரர்களோடு போட்டி போட வேண்டும். அதற்கு நவீன ரைஃபிளையே எடுத்துப் போகலாமே? மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்குப் பிந்தைய பருவம் 1974இல் தொடங்கியதிலிருந்து சக்கிமுக்கித் துப்பாக்கிக்கு மட்டுமே உரியது, அங்கே கேப்பே ஆகாது. வாங்கும் முன் உங்கள் மாநிலத்தின் கையேட்டைப் படியுங்கள், கடைக்காரர் சொல்லை நம்பி இறங்காதீர்கள்.

கிடைப்பது பற்றி ஒரு வார்த்தை. 2020 முதல் 2022 வரை கேப் என்ற பொருளே கடை அலமாரிகளிலிருந்து மறைந்துவிட்டது. நவீனத் தோட்டாவுக்கான பிரைமருக்கே நாடெங்கும் பஞ்சம், நம் செப்புத் தொப்பியை யார் நினைப்பார்கள்? கேப் செய்யும் பெரிய ஆலை ஒன்று எங்கள் மாநிலத்தின் லூயிஸ்டன் நகரிலேயே இருந்தும் உள்ளூர்க் கடையில் தகரடப்பா ஒன்று கண்ணில் படவில்லை. கருமருந்தும் தள்ளாடியது. கோயெக்ஸ் என்ற பழைய கருமருந்துத் தயாரிப்பு 2021இல் மூடப்படும் என்று அறிவிப்பு வந்து, மறு ஆண்டு எஸ்டிஸ் நிறுவனம் வாங்கியபின்தான் மூச்சு வந்தது. அந்த நாட்களில் மஸ்கெட் கேப் தீர்ந்த பிறகு 11ஐ வைத்தும், 11 தீர்ந்தபோது மஸ்கெட்டை வைத்தும் ஓட்டினேன். இரண்டு நிப்பிள்களும் இரண்டு சாவிகளும் பையில் கிடந்தது அப்போதுதான் பயன்பட்டது.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு: ஒரு நல்ல 11ஆம் எண் நிப்பிள், அதே மரையில் ஒரு மஸ்கெட் நிப்பிள், இரண்டுக்கும் உரிய சாவிகள், துளை குத்தும் கம்பி. நிப்பிளைத் திருகும் முன் மரையில் இறுகாமல் காக்கும் பசையைத் துளி தடவுங்கள், இல்லாவிட்டால் அடுத்த பருவத்தில் கழற்ற முடியாது. கேப் டப்பாவை உலர்ந்த இடத்தில், மருந்துக்குத் தொலைவாக, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். விலை குறைந்து கிடைக்கும்போது இரண்டு டப்பா அதிகமாக வாங்கிப் போட்டால் கெட்டுப்போகாது. என்னிடம் பஞ்சத்துக்கு முன்பு வாங்கியவை இன்னும் சரியாக வெடிக்கின்றன.