டப்ளின் கில்டேர் தெரு: பூர்வீகம் தேடுவோருக்கு ஓர் இலவச அறை

அயர்லாந்தில் மூதாதையரைத் தேடப் போகிறவர்கள் முதலில் எங்கே போக வேண்டும் என்று கேட்டால், டப்ளின் கில்டேர் தெருவில் இருக்கும் தேசிய நூலகம் என்றுதான் சொல்வேன். அங்கே வம்சாவளி ஆலோசனைக்கென்றே ஓர் அறை வைத்திருக்கிறார்கள். கட்டணம் கிடையாது.

என் அம்மா பெரம்பூர் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த ஆங்கிலோ இந்தியர். அவருடைய மூதாதை ஒருவர் 1840-களில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் ஐரோப்பியப் படைக்குச் சிப்பாயாக வந்தவர். டிப்பரரி மாவட்டம், கத்தோலிக்கர், குடும்பப் பெயர் ரயன். வீட்டில் வழிவழியாகச் சொல்லி வந்தது இவ்வளவுதான். எழுபதைத் தாண்டியதும் அம்மா அந்த ஊரைப் பார்த்தே ஆக வேண்டும் என்றார். சரி என்று கிளம்பினோம்.

அந்த அறையில் உட்கார்ந்திருந்த ஆலோசகர் பெயரை அப்புறம்தான் கேட்டார். முதல் கேள்வியே எந்தப் பங்கு, அதாவது எந்தக் கோயில் பங்கைச் சேர்ந்தவர் என்பதுதான். காரணம் உண்டு. 1922-ல் உள்நாட்டுப் போரின்போது டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகம் எரிந்து, 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெரும்பகுதி சாம்பலாகிவிட்டது. அடுத்த நான்கு கணக்கெடுப்புகளை அரசே அழித்துவிட்டது. முழுதாக மிஞ்சியவற்றில் முதலாவது 1901-ஆம் ஆண்டுடையது. கத்தோலிக்கர் பிறப்பை அரசு பதிய ஆரம்பித்ததே 1864-ல்தான். அதற்கு முன்னால் பிறந்த ஏழை வீட்டுப் பையனைத் தேட ஞானஸ்நானப் பதிவேடுதான் கதி. அதில் இறங்க, பங்கின் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

எங்களிடம் அது இருந்தது. அயர்லாந்தில் கிடைத்ததல்ல. கம்பெனி ராணுவத்தின் ஆளெடுப்புப் பதிவேடுகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. சேர்ந்தவரின் வயது, பார்த்த தொழில், பிறந்த பங்கு எல்லாம் அவற்றில் உண்டு. நம்மூர் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும்.

பங்குப் பதிவேடுகளின் மைக்ரோஃபிலிம் படங்களை டப்ளின் தேசிய நூலகம் 2015-லேயே இணையத்தில் இலவசமாகப் போட்டுவிட்டது. ஆனால் நூலகத்தின் தளத்தில் பெயரை அடித்துத் தேட முடியாது, பக்கம் பக்கமாகத்தான் புரட்ட வேண்டும். பல இடங்களில் மை மங்கிக் கிடக்கிறது. ஆலோசகர் நமக்காகத் தேடித் தரமாட்டார், தேடும் வழியைத்தான் காட்டுவார். பின்னால் ஆட்கள் காத்திருந்ததால் எங்களுக்கு இன்னும் கொஞ்ச நேரம் கிடைத்திருக்கலாமே என்று தோன்றியது. குறை என்றால் இவைதான்.

பொருந்துகிற வயதில், அதே பெயரில் மூன்று குழந்தைகள் அகப்பட்டார்கள். டிப்பரரியில் ரயன் என்பது அவ்வளவு சகஜமான பெயர். அம்மா ஒன்றைக் காட்டி, "இவர்தானே?" என்று கேட்டார். ஆலோசகர் அவசரப்படவில்லை. ஞானப்பெற்றோர் யார், எந்த டவுன்லேண்ட் (பங்குக்குள் இருக்கும் சிறு நிலப்பிரிவு) என்று ஒவ்வொன்றாகப் படித்துக்காட்டினார். இந்தச் சான்றை வைத்து மூவரில் யார் என்று சொல்ல முடியாது, ஆசைப்பட்டு ஒருவரைப் பிடித்துக்கொள்ளாதீர்கள் என்றார். அம்மாவின் முகம் வாடிவிட்டது. ஆனாலும் அந்த நேர்மைக்காகத்தான் இந்த இடத்துக்கு முழு மதிப்பெண் தருகிறேன்.

ஏனென்றால், புறப்படுவதற்கு முன்பே ஓர் ஆய்வு நிறுவனத்துக்குப் பணம் கட்டியிருந்தோம். அவர்கள் அனுப்பிய பளபளப்பான அறிக்கையில் இருந்ததெல்லாம் இலவசத் தளங்களில் கிடைக்கிற பக்கங்கள். அந்த மூவரில் ஒருவரை எந்த விளக்கமும் இல்லாமல் 'உங்கள் மூதாதை' என்று எழுதி, மேலே ஒரு குலச்சின்னமும் அச்சடித்திருந்தார்கள். பூர்வீகம் தேடி வருகிறவர்களின் ஏக்கத்தை இப்படிக் காசாக்குவது எனக்கு ஆறவே இல்லை.

மறுநாள் டிப்பரரி போனோம். 1847-க்கும் 1864-க்கும் இடையில் வெளியான கிரிஃபித் நில மதிப்பீட்டில் யார் எந்த நிலத்தில் குடியிருந்தார் என்று பெயர் வாரியாக இருக்கிறது. கூடவே வரைபடமும் உண்டு. அதை வைத்து மூன்று டவுன்லேண்டையும் சுற்றினோம். ஒரு பண்ணையாரிடம் அம்மா தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டதும் அவர் கேட்டது: "எந்த ரயன்?" ஒவ்வொரு கிளைக்கும் அங்கே ஒரு பட்டப்பெயர் இருக்கிறதாம். அம்மாவிடம் பதில் இல்லை. ஆனாலும் நெடுநேரம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

டப்ளினில் நேரம் மிஞ்சினால், நூலகத்திலிருந்து நடக்கிற தூரத்தில் செயின்ட் ஸ்டீஃபன்ஸ் கிரீன் பூங்கா வாசலில் 1907-ல் கட்டிய ஃபியூசிலியர்ஸ் வளைவைப் பாருங்கள். மெட்ராஸ் ஐரோப்பியப் படையின் வழிவந்த ரெஜிமென்ட்தான் 1881-ல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸின் முதல் பட்டாலியன் ஆனது. நூலகத்தில் இதைச் சொல்லும் பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை.

ஆய்வு நிறுவனத்துக்கென்று எடுத்துவைத்த பணத்தில் வாடகைக் கார் எடுங்கள். நாங்கள் சுற்றிய டவுன்லேண்டுகள் எதற்கும் பஸ் போகவில்லை.