சுவர் ஓதத்துக்கு ‘ஊசி’ போட வருபவர்களிடம் உஷார்

பழைய வீடு வைத்திருப்பவர்கள், இலவசமாகச் சுவரைச் சோதித்துத் தருகிறோம் என்று சொல்லும் ஆட்களைக் கூப்பிடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்களுடையது செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாகக் கட்டிய வீடு. ஹாலில் வெளிப்பக்கச் சுவரின் அடியில் பெயிண்ட் உப்பி, தொட்டால் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. உள்ளே வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. வந்தவர் இரண்டு முள் வைத்த சின்ன மீட்டரை எடுத்து, சரியாக அந்த உப்பு பூத்த இடத்தில் குத்தினார். அது அலறியது. "தரையிலிருந்து ஈரம் ஏறுது சார், அஸ்திவாரத்துல தடுப்பே இல்ல" என்று நின்ற இடத்திலேயே தீர்ப்பு. வீட்டுக்கு வெளியே போய் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த மீட்டர் ஈரத்தை நேராக அளப்பதில்லை. முட்களுக்கு நடுவே மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்றுதான் பார்க்கிறது. அதில் காட்டும் சதவீதம் மரத்துக்காக வகுத்தது. சுவரில் உப்பு இருந்தால் ஈரம் குறைவாக இருந்தாலும் எகிறிக் காட்டும். நிஜமான அளவு வேண்டுமென்றால் சுவரை ஆழமாகத் துளைத்து, அந்தத் தூளைக் கால்சியம் கார்பைடோடு கலந்து, எழும் வாயுவின் அழுத்தத்தை அளக்கும் கார்பைடு சோதனை இருக்கிறது. அதைப் பற்றி அவர் மூச்சே விடவில்லை.

அப்புறம் வேலை. சுவரின் அடியில் வரிசையாக டிரில் போட்டு, தரை ஈரம் மேலே ஏறாமல் தடுப்பதற்கான ரசாயனக் களிம்பைச் செலுத்தினார்கள். இதுதான் அந்த ‘ஊசி’. களிம்பை இரண்டு வரிசைச் செங்கல்லுக்கு நடுவே ஓடும் சாந்துப் படுகையில் செலுத்த வேண்டும். சுவர் நெடுக விட்டுப்போகாமல் ஓடுவது அதுதான். இவர்களோ பாதி ஓட்டைகளைச் செங்கல்லின் நடுவிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். பிறகு சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்து, இடுப்பு உயரத்துக்கு வாட்டர்ப்ரூஃப் கலந்த சிமெண்ட் பூசினார்கள். பார்க்க ஜோராகத்தான் இருந்தது. அடுத்த மழைக்காலத்தில் அந்தச் சிமெண்ட் பூச்சு முடியும் இடத்துக்கு மேலே புதிதாக ஓதம். உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் வெளியேற வழி தேடி மேலே போயிருக்கிறது.

கேரண்டி அட்டையைக் காட்டினேன். வெளித்தரை மட்டம், குழாய்க் கசிவு, காற்றோட்டக் குறைவு, இவற்றால் வரும் ஈரத்துக்குச் செல்லாது என்று பொடி எழுத்தில் இருக்கிறதாம். வேறு எதால்தான் வரும்?

கடைசியில் வந்த வயதான கொத்தனார் ஹாலுக்குள் வரவே இல்லை, முதலில் வெளியே சுற்றினார். சுவரை ஒட்டிப் போட்ட சிமெண்ட் தளம் வீட்டின் உள்தரையைவிட உயரம். அதன் மேல் மழைநீர்க் குழாயின் இணைப்பு விரிந்து, சுவரோடு பாசி பிடித்து இறங்கியிருந்தது. சந்தேகம் தீர, உள்ளே ஓர் அலுமினியத் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடச் சொன்னார். அறைப் பக்கம் நனைந்தால் வீட்டுக் காற்றின் ஈரம், சுவர்ப் பக்கம் நனைந்தால் சுவரிலிருந்து வருவது. எங்களுக்குச் சுவர்ப் பக்கம்தான் நனைந்திருந்தது.

குழாயை மாற்றினோம். தளத்தை உடைத்து, உள்தரைக்குக் குறைந்தது 150 மில்லிமீட்டர் கீழே இறக்கினோம். சிமெண்டைப் பெயர்த்துவிட்டுச் சுவரை வெறுமனே காயவிட்டிருக்கிறோம். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவர், அவசரப்பட முடியாது. முழுக்கக் காய்ந்த பிறகு சுண்ணாம்பே பூசுவதாக இருக்கிறோம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், பதில் இல்லை. செங்கல்லில் போட்ட ஓட்டைகளை அன்றைக்கே செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். இப்போதைக்கு என் கையில் இருக்கும் பிடி அதுதான்.